லாங்கன்தால், ஏப்ரல்

திருமதி எஷ்லிமான் அனுப்பிய படத்தில்
இரண்டு தூண்கள்.
போன ஏப்ரல் ஆளுயரம்,
இந்த ஏப்ரல் முழங்கால்.
"லாங்கன்தால் கிளையை மூடலாமா?
வியாழன் கூட்டத்துக்கு முன் பார்த்துச் சொல்."

ஓல்டன் நிலையத்துக்கு எதிரே, மூன்றாம் மாடி.
கீழே வண்டிகள் பிரிந்து பிரிந்து போகின்றன.
மேலே நான்
பதினாலு பாண் கடைகளின் விற்பனையைப்
பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அச்சைப் பார்த்தேன்.
எண்பத்தையாயிரத்தில் தொடங்கியிருந்தது.
அதுவரை விற்ற பாணெல்லாம்
தரைக்கடியில் கிடந்தது.
பூச்சியத்துக்கு இழுத்துவிட்டேன்.
எழுந்து நின்றன இரண்டும்
கிட்டத்தட்டத் தோளோடு தோள்:
தொண்ணூற்றோராயிரத்து நானூறு,
எண்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரம்.
விழுந்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை.
படியில் தடுக்கி விழுந்தது,
மாடியிலிருந்து அல்ல.

பிறகு நாட்காட்டி.
போன வருடம் ஈஸ்டர் மார்ச்சில்,
இந்த வருடம் ஏப்ரல் நடுவில்.
ஆளில்லாத நடைமேடையை
ஆள் நிறைந்த நடைமேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி
உயரம் பார்த்திருக்கிறோம்.
'போல' என்று சொல்ல
இரண்டுக்கும் பொதுவாய் ஒன்று வேண்டும்;
புதன் பின்னேரத் தமிழ் வகுப்பில்
நான் கோட்டைவிட்ட கேள்வி.
தேதிக்குத் தேதியை விட்டு
செவ்வாய்க்குச் செவ்வாய் வைத்தேன்.
இடைவெளி பாதியானது.

பதினேழாம் தேதி மாலை ஒரு வெற்றுக் கட்டம்.
மென்பொருள் அதைப் பூச்சியமாய் எண்ணிவிட்டது.
பூச்சியம் என்றால் விற்கவில்லை.
வெற்று என்றால்
அன்று கல்லா இயந்திரம் பழுது, யாருக்கும் தெரியாது.
எடுத்தேன்.
சுரங்கப்பாதை மூடியிருந்த ஒன்பது நாள்,
எடுத்தேன்.
மழை நாட்கள்,
அவற்றையும்.
சலித்தேன், சலித்தேன்,
இரண்டு பொருளிலும்.

நாலரை மணிக்கு லாங்கன்தால்
ஆராவை முந்தி
பதினாலில் முதலிடம்.

கோப்பி ஆறிப்போயிருந்தது.
தேத்தண்ணி வடித்தால் கீழே இறங்குவதைக் குடிக்கிறோம்,
சோறு வடித்தால் மேலே நிற்பதை உண்கிறோம்.
நான் வடித்தது எது?
கேட்டால் கூட்டத்தில் சொல்லப் பதில் இருக்கிறது,
அதுதான் பயமாயிருந்தது.

மழையைத் திருப்பிக் கொடுத்தேன்;
மழையிலும் பாண் விற்கத்தான் வேண்டும்.
சுரங்கப்பாதையை, கொஞ்சம் யோசித்து,
தனி நிறத்தில் வைத்தேன்.
ஈஸ்டரையும் வெற்றையும் விட்டுக்கொடுக்கவில்லை.
லாங்கன்தால் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது.
ஒன்பதாம் இடம் பற்றி
யாரும் கூட்டம் வைப்பதில்லை.

சரிபார்க்க என்று
தேதியை ஆறு வருடம் பின்னுக்கு இழுத்தபோது
காசாளர் பட்டியலில் வந்தது
முப்பத்தொன்று.

என் எண்.
சனிக்கிழமை விடிய ஐந்தரை,
கையில் மா, கண்ணில் நித்திரை.
திரையில் ஒல்லியாய் ஒரு நீலக் கோடு,
அதன் ஓரத்தில்
கழித்தல் நாலு பிராங் எண்பது.
அந்தக் கழித்தலை எனக்குத் தெரியும்.
தோல்பை போட்ட ஒரு பொடியன்
பின்னல் பாணை வாசலில் விழுத்திவிட்டு
அழாமல் நின்றான்.
வேறொன்று கொடுத்து, ரத்து என்று அடித்தேன்.

பட்டியலில் இன்னும் நூற்றுச்சொச்சம் கழித்தல்கள்,
வேறு எண்களின் பேரில்.
அவை ஒவ்வொன்றிலும் என்ன விழுந்தது?
கேட்கும் பொத்தான் எந்தப் பட்டையிலும் இல்லை.

படம் இரண்டு, அச்சு ஒன்று,
அடியில் நான் எடுத்தவை எல்லாம்
எடுத்த காரணத்தோடு.
அனுப்பினேன்.
பத்து நிமிடத்தில் பதில்:
"நன்றி. பச்சை கொஞ்சம் மங்கல்."

பெர்ன் விரைவு வண்டி
லாங்கன்தாலில் நிற்காது.
அடுத்ததைப் பிடித்து இறங்கினேன்.
சுரங்கப்பாதையில் புதுச் சுண்ணாம்பு மணம்.
ஒரு பின்னல் பாண்.
ரசீது வேண்டுமா என்றாள், காசாளர் ஐம்பத்தெட்டு.
பேர் அட்டையில் மிலேனா என்றிருந்தது.
வேண்டும் என்றேன்.