ரெண்டு பூஜ்ஜியம்

ஏழே முக்கால் வண்டி
எட்டு பத்துக்கு வந்தது.
வந்தது என்றா சொன்னேன்,
போனது.
பத்தமடை நிறுத்தத்தில் நாங்கள் மூன்று பேர்,
மூன்றும் பெண்கள்.
டிரைவர் தூரத்திலேயே எண்ணிவிடுகிறார்.
பின்னால் ஒன்று வருகிறது என்று
கையை வெளியே விட்டு ஒரு சைகை.
பின்னால் வந்தது வைக்கோல் லாரி.

மர்ஜான் ஒரு வார்த்தை சொன்னாள்,
இங்கே எழுத முடியாது.
பேராச்சி அக்கா சேலையை இழுத்துச் செருகி
"சவம் போகட்டும்" என்று வீட்டுக்கே திரும்பிவிட்டாள்.

எங்களால் முடியாது.
வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை, இரண்டாம் மாடி.
ஒன்பது பத்துக்குள் விரல் வைக்க வேண்டும்,
பதினொன்று என்றால் அரை நாள் போச்சு.
சூப்பர்வைசர் கொம்பையா அண்ணன் நல்லவர்தான்,
"நான் என்னம்மா செய்ய, மெஷின்லா சொல்லுது" என்பார்.

வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று நின்றது.
காசு வேண்டாம் என்றான் பையன்,
பாதி வழியில் வேண்டும் என்றான், ஆளுக்கு இருபது.
மர்ஜான் முன்னால் உட்கார்ந்தாள்.
நான் பின்னால்,
ஒரு கையில் டிபன் பை, ஒரு கையில் தார்.
யூனிபார்ம் சேலையில் கறை படாமல்
மடித்து மடித்து வைத்துக்கொண்டேன்,
முந்நூறு பிடித்துக்கொண்டு தந்த சேலை.

பேட்டை கேட் மூடியிருந்தது.
இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக
நல்லவேளை மூடியிருந்தது.
முன்னால் அதே வண்டி,
பின்கண்ணாடியில் அதே விரிசல்,
குளத்தில் இறங்கிய எருமை மாதிரி
அசையாமல் நின்றது.

இறங்கி நடந்தோம்.
ஓடவில்லை.
டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்,
பிறகு தண்டவாளத்தைப் பார்த்தார்,
செங்கோட்டை ரயிலில்
சொந்தக்காரர் யாரோ வருவதுபோல.

மர்ஜான் படியில் காலை வைத்து,
கஸ்டமரிடம் பேசுகிற அதே குரலில்,
"அண்ணாச்சி,
ரெண்டு பூஜ்ஜியம்."

கண்டக்டர் கிழித்துக் கொடுத்தார்.
யாரும் சிரிக்கவில்லை.
ஜன்னலோரம் ஒருவர் இருமினார்,
இருமல்தானா தெரியாது.
ஆர்ச் வரைக்கும்
எனக்கு உள்ளுக்குள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

ஒன்பது எட்டு.
மாடிப்படி ஏறி
மர்ஜான் விரல் வைத்தாள், பச்சை.
நான் வைத்தேன், சிவப்பு.
சேலையில் துடைத்து வைத்தேன்,
எச்சில் தொட்டு வைத்தேன்.
வாழைப்பால் காய்ந்த விரலைப் பார்த்து
இந்தப் பெயரில் ஆளே இல்லை என்றது மெஷின்.

நாலாவது தடவை ஒத்துக்கொண்டது.
ஒன்பது பதினொன்று.
கொம்பையா அண்ணன்
வாயைத் திறக்குமுன்
நான் பில் போடப் போய்விட்டேன்.