பத்து கஜம்

ஞாயிறு மதியம் இரண்டரைக்கு
மங்கலம் ரோடு, வேஸ்ட் குடோனுக்குப் பின்னால்.
ஒன்பது பேர் வந்தார்கள்,
ஏழு ஜோடி ஷூவோடு.

கோடு போடச் சுண்ணாம்பு இல்லை.
காலி நூல் கோன்களை வரிசையாக வைத்தேன்.
காற்றடித்தால் உருளும்,
அதோடு எல்லையும் உருளும்.
கோவையில் படித்தபோது மூன்று வருடம் ஆடியவள் நான்,
ஒரு மேட்சும் ஜெயித்ததில்லை.
அதை யாரும் கேட்கவில்லை.

பந்தைக் கொடுத்தேன். எறிவாள் என்று பார்த்தால்
சுகந்தி திருப்பித் திருப்பித் தையலைப் பார்க்கிறாள்.
"ஒரு லேஸ் கோணலுங்க்கா.
நம்ம லைன்ல இது ரிஜெக்ட்டு."
அந்தத் தையலில்தான் உன் விரல் உட்காரும் என்றேன்.
ஆள்காட்டி விரல் கடைசியாகப் பிரியணும்,
பம்பரத்தைச் சாட்டை விடுகிற மாதிரி.
முதல் எறி, துரத்திய கோழி போலப் படபடத்து விழுந்தது.
முப்பதாவதோ என்னவோ, சுழன்றது.
சத்தமே இல்லாமல் சுழன்றது.

"காங்கயங் காளையாட்டக் குனியட்டுங்களா?"
தாரணி கேட்டாள்.
வேண்டாம். காளை தலையைக் கவிழ்க்கும்,
இங்கே கவிழ்த்தால் கழுத்து போய்விடும்.
முதுகு கட்டிங் டேபிள் போலச் சமமாக இருக்கணும்.
விரல்நுனி மண்ணைத் தொடணும்,
பாரம் அதில் இறங்கக் கூடாது.
நான் வந்து கையைத் தட்டிவிட்டாலும் நீ நிற்கணும்.
தட்டினேன்.
எட்டு பேர் மூக்கில் மண்.
சபிதா மட்டும் அப்படியே இருந்தாள்,
ஒடியாவில் ஏதோ சொல்லிச் சிரித்தபடி.

பனியன் வேஸ்ட் அடைத்த மூட்டை, ஐம்பது கிலோ,
அதுதான் எதிராளி.
யாரோ மார்க்கரில் கண் வரைந்தாள்,
இன்னொருத்தி மீசை வைத்தாள்,
அது சூப்பர்வைசர் மீசை.
அன்றைக்கு அடி கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.
நிறுத்தினேன்.
கோபம் முன்னால் ஓடிவிடும், கால் பின்தங்கும்.
சின்னச் சின்ன எட்டு வை.
தோள் பட்டதும் நின்றுவிடாதே, நடந்துகொண்டே இரு.
கை இரண்டும் பின்னால் போய்ப் பூட்டட்டும்.

பூங்கோதை, ஊர் வெள்ளகோவில்,
பள்ளிக்கூட நாளில் மாவட்டக் கபடி.
என்னைவிட இரண்டு வயது மூப்பு,
ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.
பந்தை விலாவில் இடுக்கி வெசையாக ஓடினாள்.
ஆறாவது கஜத்தில் தாரணி சாய்த்தாள்.
எழுந்து, முழங்கை மண்ணைத் தட்டி,
கோன்களைத் தாண்டிப் போய்
வெளியே உட்கார்ந்துகொண்டாள்.

எங்கே போகிறாய்?
"அவுட்டுங்க்கா."
இதில் அந்த அவுட் கிடையாது.
"புடிச்சுப் போட்டாளே?"
போடட்டும். விழுந்த இடத்தில் ஒரு கோன் வை,
அடுத்தது அங்கிருந்துதான்.
நாலு தடவை உண்டு.
அதற்குள் பத்து கஜம் கடந்தால்
மறுபடி நாலு.

நெம்ப நேரம் என்னையே பார்த்தாள்,
பீஸ் ரேட்டில் ஏதோ மறைக்கிறேன் என்பது போல.
"அப்ப, விழுந்த எடம் நம்மளதுங்களா?"
நம்மளது.

இரண்டாவதில் ஒரு கஜம் கிடைத்தது.
மூன்றாவதில் இரண்டு கஜம் பின்னால் போனாள்.
நாலாவதில்
முதுகில் இருவரைச் சுமந்தபடி
கையை நீட்டிக்கொண்டு விழுந்தாள்.

செக்கிங் செக்‌ஷன் சுகந்தியின் கழுத்தில்
ஞாயிற்றுக்கிழமையும் இஞ்ச் டேப்.
மண்டியிட்டு அளந்தாள்.
"ஒம்பது இஞ்ச் கம்மி."
"டாலரன்ஸ் எவ்வளவுங்க்கா?"
இதற்கு டாலரன்ஸ் இல்லை.

ஹாஸ்டல் வேன் ஹாரன் அடித்தது.
கோன்களைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
பூங்கோதை ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்து
தன் கை பட்ட இடத்தில்
குதிகாலால் மிதித்து இறக்கினாள்.
"அடுத்த ஞாயிறு இங்கிருந்துதானுங்களே?"

விதி அப்படி இல்லை.
நாலும் தீர்ந்தால் பந்து எதிர்ப்பக்கம் போகணும்.
அதை வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று
வேன் கதவைச் சாத்தினேன்.