பாக்கி

கப்பல் எஞ்சின் வந்திறங்கிய பெட்டியின் பலகை.
'இந்தப் பக்கம் மேல்' என்ற அம்புக்குறியை
உப்புத்தாளால் தேய்த்தேன், முழுசாகப் போகவில்லை.
அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும், மூன்று பூச்சு.
ஹித் வெயிலில் காய்வதற்குப் பத்து நிமிடம் போதும்.
பகலில் நான் கப்பல் வயிற்றுக்குச் சிவப்படிக்கிறவன்.
துருவின்மேல் எதுவும் ஒட்டாது, முதலில் சுரண்டு:
ட்ரைடாக்கில் கற்றது இங்கேயும் உதவுகிறது.

கேட்டது மனாமா தமிழ் ஜெபக்குழு.
உயிர்த்தவரின் விலா, தோமாவின் விரல்.
ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளிக்குள்.
"போட்டோ மாதிரி இருக்கணும்" என்றார் செயலாளர்,
அந்தக் காயத்தைப் போட்டோவில் பார்த்தவர் போல.

நூலில் நீலப்பொடி தடவிச் சுண்டி
பலகையைக் கட்டங்களாக்கினேன்.
நான்காம் கட்டத்தில் முகம்,
பதினாறில் விலா.

உடம்புக்கு பெஞ்சிகர் நின்றான்,
என் மேல்கட்டிலில் படுக்கிற வெல்டர்.
சட்டையைக் கழற்றி, வாட்டர் கூலர் பக்கத்தில்,
ஒற்றை பல்பின் கீழ்.
தொண்டைக்குக் கீழே தீவெளிச்சம் சுட்ட முக்கோணம்,
மிச்சமெல்லாம் பிறந்த நிறம்.
"கர்த்தருக்கும் இப்படி ரெண்டு கலரா இருந்திருக்குமோ?"
"தச்சர்தானே. இருந்திருக்கும்."

காயத்தை நான் குறித்த இடம் தப்பு.
நர்ஸ் டெல்பின் நைட் டூட்டி முடிந்து வந்து
கரிக்கோட்டை விரலால் அழித்தாள்.
"அஞ்சாவது எலும்புக்குக் கீழ.
ஈட்டி கீழேருந்து மேல போயிருக்கும்,
குத்துனவன் தரையிலதான நின்னான்."

தோலுக்கு முதலில் பச்சை.
சொன்னால் நம்பமாட்டார்கள். மண்பச்சை,
புதைத்த உடம்பின் நிறம்.
அது காய ஒரு வாரம்.
பிறகுதான் காவி, வெள்ளை, துளி சிவப்பு,
எண்ணெயில் கரைத்து, வெங்காயத்தோல் கனத்தில்.
அடியில் பச்சை கிடந்தால்தான்
மேலே ரத்தம் ஓடுவது தெரியும்.

விரல் மஸ்தான்வலியுடையது,
கடப்பாக்காரர், கிரேன் ஓட்டுகிறவர்.
எதற்கென்று சொன்னேன். டீ ஆறும்வரை யோசித்தார்.
"காட்டுறேன். தொடுற மாதிரி மட்டும் வேண்டாம்."
ஆகவே என் தோமா இன்னும் தொடவில்லை.
நகத்துக்கும் காயத்துக்கும் நடுவே
ஓர் அரிசி கிடக்கிற இடம்.

முகம் மட்டும் பாக்கி இருந்தபோது
பெஞ்சிகருக்கு விசா கேன்சல்.
செவ்வாய் மாலை பேப்பர், புதன் இரவு விமானம்.
கட்டிலில் விட்டுப்போனது ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.
நேருக்கு நேர் ஃபிளாஷ். நிழலே விழாத முகம்.
நிழலில்லையென்றால் மூக்கு இல்லை, கன்னம் இல்லை,
கண் உட்கார ஒரு குழி இல்லை.
ஏர்போர்ட் கவுண்டருக்குப் போதும். எனக்குப் போதாது.

வீடியோவில் கூப்பிட்டேன்.
தாடியை மழித்திருந்தான்.
"ஜன்னல் பக்கம் திரும்புடே. இன்னும். அப்படியே நில்லு."
படம் உறைந்தது, கட்டம் கட்டமாக உடைந்தது,
நான் நூலடித்ததைவிடப் பெரிய கட்டங்கள்.
திரும்பச் சேர்ந்தபோது வாய் பாதி திறந்திருந்தது:
"லேய், செட்டில்மென்ட் வந்துச்சா? மூணு மாசப் பாக்கி…"
மறுபடி உறைந்தது.
உறைந்ததை வரைந்தேன்.
இடப்பக்கம் வெளிச்சம், கீழுதட்டில் ஈரம்,
ஒரு புருவம் கொஞ்சம் மேலே.
தாடியை நானே வளர்த்தேன்,
நான்கு மயிர் மட்டும் விட்ட தூரிகையில், இரண்டு இரவு.
கடைசியாகக் கண்ணில் வெள்ளைப் புள்ளி.
நடுவில் வைக்கக்கூடாது,
ஜன்னல் இருக்கிற பக்கம்.

வார்னிஷ் அடித்த ராத்திரி ஷமால் காற்று.
கதவிடுக்கில் ஈரத்துணி திணித்தும்
மணல் வந்து தோளில் ஒட்டியது.
ஊசியால் எடுத்தேன். ஒன்று மட்டும் வரவில்லை.

வெள்ளி மாலை மாட்டினார்கள், மெழுகுவத்தி ஏற்றினார்கள்.
"உசுரோட இருக்காரு" என்றாள் கைக்குழந்தைக்காரி ஒருத்தி.
டெல்பின் உதடசைத்து விலா எலும்பை எண்ணினாள்.
செயலாளர் மைக்கில் விளக்கினார்:
திறந்த அந்த வாய் சொல்வது
உங்களுக்குச் சமாதானம்.

நான் பின்வரிசையில், பிறகு தூணோரம், பிறகு வாசலில்.
எங்கே நகர்ந்தாலும் என்னைப் பார்த்தே கேட்கிறது.
பெஞ்சிகரின் டோக்கன் நம்பர் எழுதி வைத்திருக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறந்ததும்
போய்க் கேட்கவேண்டும்.