நிறம் கேட்கப் போதல்

ஐந்து மில்லி தண்ணீர்.
முதல் புட்டியில் எட்டுத் துளி,
இரண்டாவதில் எட்டு.
குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திரு என்கிறது தாள்.
காத்திருப்பேன். அது வரும்.
அட்டையோடு வைத்து நிறம் பார்ப்பதுதான் வராது.

மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே
மற்றவர்களுக்கு வேலி இருக்கிறதாம்.
எனக்கு அது ஒரே திடல்.

ஊத்தான் மெலிந்தாங் ஆலையில்
குலை தரம்பிரிக்கத்தான் முதலில் போட்டார்கள்.
நிறம் தெரியாமல்,
உதிர்ந்த பழங்களை எண்ணியே
நாலு மாதம் தப்பித்தேன்.
ஒரு மழைநாளில்
லோரி நிறையக் காயைப்
பழமென்று இறக்கவிட்டேன்.
ரசாலி திட்டவில்லை.
எடைப்பாலத்துக்கு மாற்றினார்:
"இங்கே எல்லாம் எண்தான், உட்கார்."

கட்டிலுக்கு எதிரே இரண்டடித் தொட்டி.
பின்னால் நாடாப்புல்,
முன்னால் ஓடையில் பிடுங்கிவந்த நீர்ச்சேம்பு,
பதினாறு ரஸ்போரா.
மூலையில் ஒரு செடி,
நன்றாகச் சிவக்கும் என்று சொல்லி
ஆ ஹெங் பன்னிரண்டு வெள்ளி
அதிகம் வாங்கினார்.
யாரிடம் விற்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

சனிதோறும் எட்டு மணிக்கு முன்
குழாயைக் கையில் பொத்திக்கொண்டு
பக்கத்து வீட்டுக்குப் போவேன்.
எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவார்
விமலேஸ்வரி அக்கா.
மூன்று மணிக்கு எழுந்து
நாசி லெமாக் கட்ட வேண்டும்.

அக்கா நிறத்தின் பெயர் சொல்வதில்லை.
"எலுமிச்சைச் சாறு, நேத்து மிஞ்சினது."
அப்படியென்றால் கோசோங், நிம்மதி.
"வெள்ளரித் தோலு, உள்பக்கம்."
அம்மோனியா கால்.
நைட்ரேட்டைக் காட்டினால்
"சம்பல்ல தண்ணி ஊத்துனாப்புல."
நாற்பது. வாளியை எடு.
என் நோட்டில்
எண்ணைவிடச் சாப்பாடு அதிகம்.

மார்ச் கடைசியில்
தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியிலிருந்து
ஒரு கண்ணில் கட்டோடு வந்து இறங்கினார்.
புரை. இரண்டு கண்ணிலும்.
ரொம்ப நாளாகவே.

குழாயைச் சட்டைப்பையில் மறைத்தேன்.
"குடுலா" என்று வாங்கி
கட்டில்லாத கண்ணருகே தூக்கிப் பிடித்தார்.
கொஞ்சநேரம் பேச்சில்லை.
"இத்தனை நாளும்
எல்லாமே டீத்தண்ணியாத்தான் தெரிஞ்சுச்சு.
நடந்து வந்து நிக்கிறியே,
ஏதாச்சும் சொல்லணுமேன்னு சொன்னேன்."

எட்டு மாதம்.
வெள்ளரித் தோலை நம்பி ஊற்றிய வாளிகள்.
எலுமிச்சைச் சாற்றை நம்பித் தூங்கிய இரவுகள்.
செத்தது மூன்று மீன்,
அதில் ஒன்று தானே வெளியே குதித்தது.
நீர்ச்சேம்போ கன்று விட்டுக் கன்று விட்டு
முன்கண்ணாடியைத் தொட்டிருந்தது.
கோபம் வருமென்று நின்றேன்.
அக்காதான் முதலில் சிரித்தார்.

ஒரே ஒரு சோதனை என்னுடையது.
கார்பனேட் எவ்வளவு என்று பார்ப்பது.
முதல் துளி விழுந்ததும் நீலம்.
பிறகு ஒவ்வொன்றாக விட வேண்டும்,
எந்தத் துளியில் மஞ்சளாகிறதோ அதுதான் விடை.
நீலமும் மஞ்சளும்
என் கண்ணுக்குள் ஒருநாளும் கலந்ததில்லை.
இரண்டு. குலுக்கு.
மூன்று. நீலம் அசையவில்லை.
நான்கு,
தொட்டதும் முழுக் குழாயும் கட்சி மாறியது.
அந்த நாலை
யாரிடமும் காட்டப் போவதில்லை.

கட்டவிழ்த்த மறுவாரம்
நான் போகுமுன் அக்காவே வந்துவிட்டார்,
முதல்முறையாக என் அறைக்குள்.
குழாயைப் பார்த்தார்.
"ஐயோ, பச்சைலா இது, நல்ல பச்சை."
நான் பாதித் தண்ணீரை இறைக்கத் தொடங்கினேன்.
குழாய்வழித் தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டே இருக்க,
தொட்டி முன் குந்தியிருந்த அக்கா
மூலைச் செடியைக் காட்டிக் கேட்டார்:
"இவ்ளோ செவப்பா ஒண்ணை வச்சிக்கிட்டு
சொல்லவே இல்லையே நீ?"