ஒன்றில் இரண்டாமிடம்

ஜூலை பிறந்துவிட்டால் என் நாக்கு
கவுண்டிக்காரர்களுக்குச் சொந்தம்.
ஆறு வாரம், பதினோரு திருவிழா.
ஊறுகாய், ஜாம், தக்காளிச் சாறு.
பிக்கப்பின் முன் சீட்டில் உப்பு பிஸ்கட் டப்பா,
ஒரு கேன் தண்ணீர்,
மடித்த வெள்ளைக் கோட்டு.

நெப்ராஸ்காவின் இந்தப் பக்கத்தில்
சாலைக்கு வளையத் தெரியாது.
எதிரே வரும் லாரி
முதலில் ஒரு பொட்டு, ரொம்ப நேரம் பொட்டு,
அப்புறம் சட்டென்று லாரி.
அவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்குவான்.
நானும் ஒன்று.
அவ்வளவுதான் பேச்சு.
ரேடியோவில் மக்காச்சோள விலை,
அதுவும் இறங்குமுகம்.

ஜூன் ஒன்பதில் கொட்டிய ஆலங்கட்டியை
இன்னும் பார்க்கலாம்.
சோளம் வெறும் நரம்பாய் நிற்கிறது.
சர்ச்சின் மேற்குச் சன்னல்களுக்கு பிளைவுட்.
நிறுத்திவைத்த கார்களின் கூரையெல்லாம்
அம்மைத் தழும்பு.

பர் க்ரீக், மக்கள்தொகை 212.
கடைசி இரண்டை யாரோ
பெயிண்டால் ஒன்றாக்கியிருந்தார்கள்.

தகரக் கொட்டகைக்கு வெளியே
செம்மறியாட்டின் முதுகில் குப்புறப் படுத்து
ஹெல்மெட் போட்ட ஐந்து வயதுகள்
ஒவ்வொன்றாய்ப் புழுதியில் விழுகின்றன.
விழுந்த ஒவ்வொருவருக்கும்
கைதட்டச் சொல்கிறது ஒலிபெருக்கி.

உள்ளே ஆர்லிஸ் டெங்லர், கையில் கிளிப்போர்டு.
"பீட்ரூட் ஊறுகாய். போன வருஷம் பதினாலு" என்றாள்.
நீள மேசை. வெள்ளைக் காகிதம் விரித்து,
மூலைகளுக்கு ஊசி குத்தி,
நடுவில் ஒரே ஒரு ஜாடி.

வெர்லின் ஹ்ருஷ்கா என்றது சீட்டு.
டிராக்டர் கடை ஆள்; நகக்கண்ணில் கிரீஸ்.
கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து
முயல் கூண்டுகளைப் பார்ப்பதுபோல் நின்றான்.

மூடியைத் திறந்தேன். சத்தம் சரி.
நிறமும் குற்றமில்லை.
துண்டுகள் மட்டும் கைக்கு வந்தபடி.
வாயில் வைத்தேன்:
கிராம்பு.
கிராம்புக்குப் பின்னால் கிராம்பு.
அதற்கும் பின்னால், வெகு தூரத்தில், மண்.

ஆலையில்லா ஊர் என்று நினைத்துக்கொண்டு
நீல நாடாவைக் கட்டிவிடலாம்.
யார் கேட்கப்போகிறார்கள்?
ஆனால் விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது:
தனியாக வந்ததெல்லாம் முதலாக வந்ததாகாது.
இருபது வருஷமாய் அந்த வரிக்கு
வேலையே வந்ததில்லை.

சிவப்பைக் கட்டினேன்.

வந்து நின்றான். நாடாவைத் திருப்பிப் பார்த்தான்.
"முதல் யாரு?"
"யாரும் வரலை."
கொஞ்ச நேரம் அதை மென்றான்.
"கிராம்பா?"
"கிராம்பும். வெட்டினதும்."
"நாலு போடச் சொன்னா என் தங்கச்சி.
நான்தான் எட்டு."

போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை.
"ஆலங்கட்டிக்குப் பிறகு
எல்லாரும் தோட்டத்தை உழுதுட்டாங்க.
மேலே ஒரு இலை கிடையாது.
நான் சும்மா தோண்டிப் பார்த்தேன்."
கோபமா பெருமையா, எனக்குப் பிடிபடவில்லை.
"இருந்துச்சு," என்றான்.

சாயங்காலம் கார்மோதல் பந்தயம்.
ஊரைவிடப் பெரிய கூட்டம்.
ஐம்பத்தெட்டாம் எண் பழைய ப்யூக்,
கண்ணாடி கழற்றி, கதவுகளை வெல்டிங் வைத்து,
ஏரியலில் என் சிவப்பு நாடா.
மூன்றாவது இடியில் ரேடியேட்டர் போனது.
ஆவிக்குள்ளிருந்து சன்னல் வழியே இறங்கி
ஒரு விரல் தூக்கினான்.
எனக்குத்தானா என்று தெரியாது.
நான் தூக்கினேன்.

அடுத்த ஊர் தொண்ணூறு மைல்.
மிஞ்சிய நீல நாடாவை
ஆர்லிஸ் எண்ணி உறைக்குள் போட்டுக்கொண்டாள்.
கட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று
முப்பது மைல் யோசித்தேன்.
அப்புறம் பெட்ரோல் போட நிறுத்தியதில்
யோசனை விட்டுப்போனது.

நாலு பிஸ்கட் தின்றும் கிராம்பு போகவில்லை.
மேற்கே மின்னல்;
சத்தம் இன்னும் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை.
கண்ணாடியை ஏற்றினேன்.
காலை ஒன்பதுக்கு ஜெல்லி.