பதினேழாவது கம்பி

பகலெல்லாம் மஞ்சக்குப்பத்தில்
பல் செய்கிறேன்.
மெழுகில், பிளாஸ்டரில்,
யார் யாருடைய வாய்க்கோ.
ராத்திரி ஒன்பதுக்கு மேல்
அதே டார்ச், அதே வெங்காரம், அதே இடுக்கி.
முழங்கை நீள ரயில் எஞ்சினுக்கு
ஒரு செம்புக் கொதிகலன்.

மரை கழன்றவன் என்று தெருவில் பேர்.
இருக்கட்டும்.
மரை போடத் தெரிந்தவன்
என்றும் சொல்லியிருக்கலாம்.

உள்ளே அடுப்புப் பெட்டி,
அதைச் சுற்றி வெளிக்கூடு,
நடுவே சுண்டுவிரல் அகலத்துக்குத் தண்ணீர்.
நீராவி ஏறினால் தட்டைத் தகடு
பூரி மாதிரி உப்பப் பார்க்கும்.
இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும்
பிடித்து நிறுத்த வெண்கலக் கம்பிகள், நாற்பத்து நான்கு.
ஸ்டே என்பார்கள்.
இரண்டு தகட்டையும் ஒரே மூச்சில் துளைத்து
ஒரே டாப்பை விட்டு மரை எடுக்கவேண்டும்.
தனித்தனியே எடுத்தால்
கம்பி பாதி வழியில் அடம்பிடிக்கும்.

வெளித்தலையை நான் முடுக்கலாம்.
உள்ளே நட்டுப் போட என் கை போகாது.
மொளி வரை நுழைந்து
தோல் உரிந்து திரும்பியது.

அமலோற்பவத்தின் கை சின்னது.
அவள் என்னோடு பேசி ஒன்பது நாள்.
சீட்டுப் பணம் இருபத்திரண்டாயிரம்
செம்புத் தகடாகத் தரையில் கிடந்ததை
காலில் இடித்துத்தான் தெரிந்துகொண்டாள்.
"அய்யோ" என்றுகூடச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் மழை.
கரண்ட் போய்ப் போய் வந்தது.
வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு
வந்து உட்கார்ந்தாள்,
பெட்டிக்குள் கையை விட்டாள்.
நான் வெளியிலிருந்து திருக
அவள் உள்ளே நட்டைப் பிடித்தாள்.
இன்னும் என்றால் நகத்தால் செம்பில் ஒரு தட்டு,
போதும் என்றால் இரண்டு.
நாற்பத்து நான்கும் அப்படித்தான்.

பிறகு நவச்சாரப் புகை.
ஈயம் ஒவ்வொரு தலையையும் சுற்றி ஓடி
நட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே
மயிரிழை இடம் தேடிப் போய் ஒளிந்தது.

மறுநாள் சிப்காட்டிலிருந்து
சாப்பாட்டுப் பையில் ஒரு அழுத்தமானி.
கம்பெனியில் அவள் வேலையே
மீட்டர்களின் பொய்யைக் கண்டுபிடிப்பது.
மேலே ஒட்டின டேப்பில் அவள் எழுத்து:
'காலை ஆறுக்குள் திரும்ப வேண்டும்.'

ஒரு குமிழ்கூட மிச்சமில்லாமல்
தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பை அடித்தேன்.
வேலைக்கு எண்பது, சோதனைக்கு இரட்டிப்பு.
நூற்றிருபதில் கொதிகலன் 'டிக்' என்றது.
இருவரும் நிமிர்ந்தோம்.
நூற்றறுபது.
திருப்பாதிரிப்புலியூரில் கல்லே மிதந்து
கரையேறியதாம்.
எனக்கு அவ்வளவு வேண்டாம்,
முள் இருபது நிமிஷம் நின்றால் போதும்.

பதினோராவது நிமிஷம்
இடப்பக்கம், மூன்றாம் வரிசை,
குண்டூசித் தலையளவு ஒரு துளி.

"பதினேழு. அது நான் பிடிச்சது."
"இல்ல, நான்தான் சூடு ஜாஸ்தி காட்டிட்டேன்."
"நட்டு கோணலா உக்காந்துச்சு. எனக்குத் தெரியும்.
தெரிஞ்சேதான் ரெண்டு தட்டு தட்டுனேன்."
"ஈயம் பத்தல."
"சொல்றேன்ல, நான்தான்னு."

யாருடைய தப்பு என்று
மணி மூன்றரை வரை சண்டை போட்டோம்,
ஒன்பது நாளுக்கும் சேர்த்து.
சீட்டுப் பணம் வந்தது. அவள் அண்ணன் வந்தான்.
என் அம்மா போடாமல் விட்ட நகை வந்தது.
நடுவே காபியும்.
துளி பெருத்து விழ,
அதே இடத்தில் இன்னொன்று.

தண்ணீரை வடித்தோம்.
மறுபடி டார்ச், மறுபடி புகை.
அவள் விளக்குப் பிடித்தாள்,
கொஞ்சம் தள்ளி, கொட்டாவியோடு.
ஐந்து இருபதுக்கு
முள் நூற்றறுபதில் முழுசாக இருபது நிமிஷம் நின்றிருந்தது.

மீட்டரைக் கழற்றித் துடைத்து
பையில் வைத்துக்கொண்டாள்.
பதினேழின் தலையில் மட்டும் ஈயம் தடித்து
பார்க்க நன்றாயில்லை.
அரத்தை எடுத்தேன்.

"விடுங்க" என்றாள்,
செருப்பைத் தேடிக்கொண்டே.