ஐந்தாவது புள்ளி

தபாலில் திரும்பிவரும் பிரெய்ல் புத்தகங்களைச்
சரிபார்த்து அடுக்குவது தார்த்து நகரில் என் வேலை.
ஒரு நாவலுக்கு ஆறு தொகுதி. இடுப்பு ஒடிகிற கனம்.
எனக்குக் கண் தெரியும்; அதனால் விரலால் வாசிக்க வராது.
புள்ளிகளைப் பார்த்து எண்ணுவேன்,
கல் பொறுக்குகிறவள் மாதிரி.

பிப்ரவரியில் ஹீயுமா தீவிலிருந்து ஒரு கடிதம்.
உக்கு ரவுட்செப், பியானோக்களுக்குச் சுதி சேர்ப்பவர்:
"நான்காம் தொகுதியின் கடைசி வரி.
லுமி சுலி.
பனி உருகியது.
அவ்வளவுதான். அவன் வீடு திரும்புகிறான் என்று
எழுதாமலே எழுதிவிட்டார்கள்.
அந்த ராத்திரியே கொட்டகைக்குப் போய்
என் படகின் அடிப்பலகையைத் தடவிப் பார்த்தேன்.
பதினைந்து வருஷமாகக் கவிழ்ந்து கிடந்தது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
அந்த நாவலில் யாரும் வீடு திரும்புவதில்லை.
மையில் அச்சான பிரதியைத் தேடிப் பிரித்தேன்.
லுமி துலி.
பனி வந்தது.

எங்கள் மொழியில் வருவதற்கும் உருகுவதற்கும் நடுவே
ஓர் எழுத்து.
விரலுக்கோ ஒரே ஒரு புள்ளி:
ஐந்தாவது, வலது பக்கம், நடுவில் இருப்பது.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
புள்ளி இருந்த இடம் பளபளத்தது,
பழைய படிக்கட்டின் நடுப்பகுதி போல.

இரவல் அட்டையில் ஐந்து பெயர்கள்.
நான்கு பேர் ஒருமுறை எடுத்தவர்கள்.
ஹெல்யு தம்மிக், பதினொரு முறை.

போன் செய்தேன்.
"அந்த வரியா? இரு, நானே சொல்கிறேன். பனி வந்தது.
எண்டெல் போன வருஷம் அதை விட்டு விரலை எடுத்ததே இல்லை.
மற்ற பக்கமெல்லாம் எதற்கு?
தூக்கம் வராவிட்டால் அந்த இரண்டு சொல்தான்,
போய், திரும்பி, போய்.
ஏன் கேட்கிறாய், கிழிந்துவிட்டதா?"
இல்லை என்றேன்.
கிழியவில்லை என்பது உண்மைதானே.

மேஜை இழுப்பறையில் ஊசி இருக்கிறது.
தாளைத் திருப்பிப் போட்டு
முதுகில் ஒரு அழுத்து; புள்ளி எழுந்துவிடும்.
எழுந்தால் உக்குவின் படகு என்ன ஆகும்?
எழாவிட்டால் ஹெல்யு பன்னிரண்டாம் முறை கேட்கும்போது
அவர் கையில் நான் எதைக் கொடுப்பேன்?
எழுதியவரைக் கேட்கலாம் என்றால்
அவர் போய் முப்பது வருஷம்.
இருந்தாலும் அவருக்குத் தெரிந்தது மை மட்டும்.

அதற்குள் வால்காவிலிருந்து ஒரு கோரிக்கை:
லீசி ஓயாசூ, வயது பதினேழு,
"நான்காம் தொகுதி மட்டும் போதும், மீதி படித்துவிட்டேன்."

அழுத்தினேன். அழுத்தினேன் என்று சொல்லவும் முடியாது.
அவ்வளவு லேசாக.
சூடான விரலுக்குத் தட்டுப்படலாம்.
குளிரில் விறைத்த விரல் தாண்டிப் போய்விடும்.
ஆக, அடுப்பருகே உட்கார்ந்து வாசித்தால் பனி வரும்,
நடுங்கிக்கொண்டு வாசித்தால் உருகும்.

கயிறு கட்டினேன். இந்தப் பொதிகளுக்கு ஸ்டாம்ப் தேவையில்லை.
வால்காவில் இந்த வாரம் எத்தனை டிகிரி என்று
ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.